அடியில் கிடந்த கோப்பு

வியாழக்கிழமை மாலை கண்காணிப்பாளர் அம்மாள் அடுக்கின் அடியில் வைத்த கோப்பு, வெள்ளிக்கிழமை காலையில் மேலே இருந்தது. கை தவறியிருக்கும் என்று நினைத்து, வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி அடியில் செருகினார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அது மறுபடியும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு மூக்கு வியர்த்தது.

அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவுக்கு அவர் மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வந்த அன்றே ஒரு கட்டளை போட்டார்: புதிதாக வரும் கோப்பு அடுக்கின் அடிக்குப் போகவேண்டும், மேலே இருப்பதைத்தான் முதலில் எடுப்பார். பெரிய இடத்துப் பிள்ளையானாலும் சரி, ஏழை வீட்டுப் பிள்ளையானாலும் சரி, வரிசை ஒன்றுதான். தினமும் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குகிறவர் அவர். இந்த வரிசையும் ஒருவகைக் கும்பிடு என்றே நினைத்திருந்தார்.

அந்தக் கோப்பு மின்னியல் படிக்கும் பெண் ஒருத்தியுடையது. நான்கு வருடப் படிப்பை ஏழு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்பது கல்லூரி விதி. அவளுக்கு இந்த மாதத்தோடு ஏழு முடிகிறது. பாக்கி ஒரே ஒரு பாடம். கல்விக்குழு மனது வைத்து ஒரு வருடம் நீட்டித்தால் அதை எழுதலாம். இல்லையென்றால் இதுவரை தேறிய பாடங்கள் அத்தனையும் வீண். குழு வருகிற வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதை விட்டால் அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்துத்தான்.

இதையெல்லாம் அவள் ஜன்னலில் நின்று சொல்லத்தான் செய்தாள். மோட்டாருக்குச் சுருள் சுற்றும் பட்டறையில் அவளுக்கு வேலை. விரல்களில் வார்னிஷ் கறை.

“வெள்ளிக்கிழமைக்குள்ள போயாகணும் மேடம்.”

“வரிசையில வரும்மா. எல்லாருக்கும் அவசரம்தான்.”

அவ்வளவுதான் பேச்சு. கோப்பை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் தாழ்வாரத்தில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். அந்தப் பெண் அனுப்புகை எழுத்தரிடம் ஒரு உறையைக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டென்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த எழுத்தரைக் கல்லூரி முழுக்க ‘பசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடித உறைகளை ஒட்டி ஒட்டி அவர் விரல் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும்.

‘ஓகோ, விஷயம் இப்படியா’ என்று அம்மாள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமையும் கோப்பு மேலேதான் இருந்தது. அவர் பசையைக் கூப்பிட்டார்.

“என் அடுக்குல யார் கை வெக்கிறாங்க?”

“உங்க அடுக்குல கை வெக்க யாருக்கு மேடம் தைரியம் இருக்கு?” என்று பசை சிரித்தார். “நான் தொட்டா ஒட்டிக்குமே. பிரிச்சு எடுக்க நாலு பேரு வேணும்.”

சிரிப்பிலேயே மழுப்புகிறான் என்று அம்மாளுக்குத் தோன்றியது. பசை தேநீர் வாங்கி வந்து வைத்தபோதும், ‘எதற்கு இந்தக் கரிசனம்?’ என்றுதான் தோன்றியது. சந்தேகம் ஒருதடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், உபசாரம்கூடக் குற்றமாகத்தான் தெரியும்.

வீட்டில் கணவரிடம் சொன்னார்.

“கோப்புக்குக் கால் முளைச்சிருச்சா?” என்றார் அவர். “நம்ம வீட்டுக் கட்டணச் சீட்டுக்கும் முளைச்சா நல்லாருக்கும். தானா போய்க் கட்டிட்டு வந்துரும்.”

“உங்களுக்கு எல்லாமே கேலிதான்.”

புதன்கிழமையும் அதே கதை. கல்லூரி முதல்வருக்குப் பசையின் பெயரைப் போட்டுப் புகார்க் கடிதம் ஒன்று எழுதி, கைப்பையில் வைத்துக்கொண்டார். வேலைக்கே உலை வைக்கும் கடிதம். கையும் களவுமாகப் பிடித்தபின் கொடுக்கலாம் என்று, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே கல்லூரிக்கு வந்து, அலமாரிக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றார்.

வந்தது பசை அல்ல. அலுவலகம் பெருக்குகிற அக்கா. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெரிய அடுக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்த கோப்பை உருவி, முந்தானையால் துடைத்து மேலே வைத்தார்.

“என்னக்கா பண்றீங்க?”

அக்கா துள்ளி விழுந்தார். “ஐயோ, நீங்களாம்மா. உயிரே போயிருச்சு. இந்தச் சுவரு ஊறுதும்மா, தொட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் பம்புப் பாடம் நடத்துற கூடத்துத் தொட்டி இருக்குல்ல. அடியில கிடக்கிறது நனைஞ்சு போகும். அதான் தினம் அடியில உள்ளத எடுத்து மேல வெப்பேன். ஃபேன் காத்துல காயும்.”

“தினமுமா?”

“பன்னெண்டு வருஷமா.”

“இது யாரோட கோப்புன்னு தெரியுமா?”

“எனக்கெங்க படிக்கத் தெரியும்? யாரோ பெத்த புள்ளையோடது. நனைஞ்சா அது தலையெழுத்துல்ல அழிஞ்சு போகும்.”

அம்மாள் சுவரையொட்டி அடுக்கு இருந்த பலகையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் சில்லென்று இருந்தது. தினமும் மாலையில் அந்தக் கோப்பைத் தேடிப் பிடித்து அடியில் வைத்தது அவரேதான். அடியில் வைத்ததால்தான் அது மேலே வந்தது. இரண்டு மாதமாக அவர் கட்டிக்காத்த வரிசையை ஒரு ஈரச்சுவர் தினம் காலையில் கலைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் தெரியாமல் போயிற்று.

முதன்முறையாகக் கோப்பைத் திறந்தார். தகப்பனார் படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருடம் அவள் படிப்பை நிறுத்தியிருந்தாள். உள்ளே, அவள் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு, பசையின் கையெழுத்தில்: ‘தங்கச்சி, மருத்துவச் சான்று நகல் இரண்டு, பட்டறை முதலாளி கடிதம். இது இல்லாம குழு திருப்பி அனுப்பிடும்.’ கேட்ட தாள் ஒவ்வொன்றும் அதன் பின்னால் ஒழுங்காக ஒட்டப்பட்டிருந்தது. தாழ்வாரத்தில் கைமாறிய உறைக்குள் இருந்தவை இவைதான்; பசை வாங்கிக் கோப்பில் சேர்த்திருக்கிறார்.

மதியம் பன்னிரண்டு மணியோடு குழுவின் பட்டியல் மூடப்படும். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு குறிப்பு எழுதினார். விதியில் ‘தக்க காரணம்’ என்ற சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, தகப்பனாரின் இரண்டு வருடத்தையும் தேதி போட்டு எழுதினார். பத்து மணிக்குப் பசை வந்தார்.

“தம்பி, இத முதல்வர் கையில நீங்களே கொடுத்து, கையெழுத்து வாங்கிட்டு வரணும்.”

இரண்டு மாதத்தில் இல்லாத ‘தம்பி’யைக் கேட்டுப் பசை ஒரு கணம் விழித்தார். பிறகு கோப்பை வாங்கிப் பார்த்தார். படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். பதினொன்றரைக்குக் கையெழுத்தோடு திரும்பி வந்தார்.

வெள்ளிக்கிழமை குழு ஒரு வருடம் கொடுத்தது. அந்தப் பெண் ஜன்னலில் வந்து நின்றாள். நன்றி சொல்ல வாயெடுத்தவளிடம் அம்மாள் சொன்னார்: “எனக்கு வேணாம்மா. தாமதம் பண்ணினவ நான். அந்தத் தம்பிக்கிட்ட சொல்லு. காலையில வந்தா பெருக்குற அக்காக்கிட்டயும் சொல்லு.”

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வந்து, அக்காவோடு சேர்ந்து அடுக்கைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தார். ஒவ்வொரு கோப்பையும் திறந்து, கெடு எதற்கு நெருங்குகிறது என்று பார்த்து அடுக்கினார். கைப்பையில் இருந்த புகார்க் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைச் சாக்கில் போட்டார்.

“நல்ல பேப்பராச்சேம்மா” என்றார் அக்கா.

“தப்பா எழுதிட்டேன்க்கா.”

“அதுக்கென்ன, குடுக்கிறதுக்குள்ள கண்டுபிடிச்சீங்களே” என்று சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா நடந்தார்.