கேலரியைத் திறக்காமல் ஒரு போன் ரிப்பேர்

1

இந்தக் கதை ஒரு வாளித் தண்ணீரில் பிறந்தது. வாளி என்னுடையது, உள்ளே விழுந்த போனும் என்னுடையது, விழவைத்த கையும் என்னுடையதுதான் என்று விடுதி அறைத்தோழன் இன்றுவரை கேட்காதவர்களிடம்கூடச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போனைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அதைப் பிரித்தார், துடைத்தார், காயவைத்தார், உயிர் கொடுத்தார். திரை வேலை செய்கிறதா என்று பார்க்கக் கால்குலேட்டரைத் திறந்து எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். போட்டோ, மெசேஜ் எதன் பக்கமும் விரல் போகவில்லை. ஏன் கால்குலேட்டர் என்று கேட்டேன்.

“வேற எதைத் தொறந்தாலும் அது உங்க வீடு தம்பி. இது ஒண்ணுதான் வாசப்படி.”

அதே நாள் கல்லூரியில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம். இணையத்தில் குழந்தைகளைப் பாலியல் சுரண்டலிலிருந்து காக்கும் சட்டங்களைப் பற்றி ஒருவர் பேசினார். திரையில் காட்டியதை வாசித்தார், வாசித்ததை மறுபடி விளக்கினார். அரங்கம் மரியாதையாகத் தூங்கியது. நானும் அந்த மரியாதையைச் செலுத்திக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் ஒரு வாக்கியம் எழுப்பிவிட்டது: “படத்தை அனுப்பிய குழந்தை குற்றவாளி அல்ல.” அதைச் சொல்லும்போது மட்டும் அவர் திரையைப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் சுவரிதழ் ஆசிரியை (என் வகுப்புத் தோழிதான், பதவி வந்ததிலிருந்து நடையே வேறு) என்னை மடக்கினாள். “சட்டத்தை வெச்சு சிரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதுடா.” போன இதழில் கேன்டீனைப் பற்றி எழுதி நாலு பேரைச் சிரிக்கவைத்த குற்றத்துக்குத் தண்டனை.

ஆகவே கடைக்காரரைக் கதைக்கு எடுத்துக்கொண்டேன். நிஜத்தில் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. நான் பத்திரிகைகூட அடிக்காமல் கல்யாணம் செய்துவைத்து, ஒரு மகளையும் கொடுத்தேன். நடக்கப்போவதும் என் கற்பனைதான். நிஜமாக இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன்.

2

தொடக்கங்கள்:

‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவள்—’

(விட்டேன். எழுதுகிறவனுக்கு ஒன்றும் தோன்றாதபோதுதான் கதைகளில் மழை பெய்கிறது.)

‘சட்டத்தின் பிரிவு—’

(விட்டேன். அரங்கம் தூங்குகிறது.)

‘ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்து—’

இதை விட மனம் வரவில்லை. விறுவிறுப்பான தொடக்கம். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால் எனக்கு என்ன வேலை? அந்த அறைக்குள் பொய் சொல்லி நுழைந்தவன் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். அவன் பின்னாலேயே நானும் நுழைந்து, துணைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போனால், மூன்று பேருக்கும் என்ன வித்தியாசம்? கதவு சாத்தியே இருக்கட்டும். அவள் வெளியே வரும்வரை கடையில் காத்திருப்போம். உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். ஒரு கால் கொஞ்சம் ஆடும், பார்த்து உட்காருங்கள்.

3

கடைக்காரரைத் தெருவே ‘டாக்டர்’ என்று கூப்பிடும். செத்த போனைப் பிழைக்கவைப்பதால் வந்த பட்டம். பிழைக்காவிட்டாலும் பீஸ் வாங்குவதால் வந்தது என்பார் பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர்.

பிற்பகல். டாக்டர் ஒரு போனின் முதுகைச் சூடுகாட்டிப் பிரித்திருந்தார். எள் அளவு திருகுகள் வெள்ளைத் தாளின்மேல் வரிசையாகக் கிடந்தன. பெருமூச்சு விட்டால் போச்சு. அதனால் வேலை நேரத்தில் அவர் மூச்சை அளந்துதான் விடுவார்.

மகள் பள்ளியிலிருந்து நேரே வந்தாள். உடம்பில்              சீருடை.

(நிறத்தை எழுதியிருந்தேன், அடித்துவிட்டேன். கதை நடக்கும் நாட்டின் சட்டப்படி இப்படிப்பட்ட விஷயத்தில் குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது. பெயர், பள்ளி, தெரு, எதுவும். ஒரு நிறம் கிடைத்தால் போதும், மிச்சத்தை ஊர் கண்டுபிடித்துவிடும். ஊருக்கு வேறு வேலை?)

எப்போதும் கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து பையை வீசுகிறவள், இன்று கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்றாள். கஸ்டமர் நிற்கிற இடம்.

“ஒரு போன் ரிப்பேர்.”

டாக்டர் நிமிரவில்லை. “யாரோடது?”

“என்னோடது.”

“கீழ போட்டியா, தண்ணியா?”

“ரெண்டும் இல்ல. உள்ள ஒருத்தன் இருக்கான்.”

“வைரஸாம்மா?”

டாக்டர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அதுவரை அவர் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் பத்து மடங்கு பெரிதாக்கிய திருகுகள். எதிரில் நின்ற பெண் திடீரென்று மிகச் சின்னதாகத் தெரிந்தாள்.

கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ஆன்லைன் விளையாட்டில் பழக்கம். தன் வயதுப் பெண் என்று சொன்னது. மாதக்கணக்கில் நல்ல சிநேகிதி. பிறகு ஒரு படம் கேட்டது. மாட்டேன் என்றாள். கெஞ்சியது, கோபித்துக்கொண்டது. அனுப்பினாள். மறுநிமிடம் சிநேகிதி ஆணாகிவிட்டாள். இன்னும் படங்கள் வேண்டுமாம். இல்லாவிட்டால் இருக்கிற படத்தைப் பள்ளிக்கும் அப்பாவுக்கும் அனுப்புவானாம்.

(படத்தில் என்ன இருந்தது என்பது இந்தக் கதையில் எங்கேயும் வராது. தேடவேண்டாம்.)

“அப்பா.” இப்போதுதான் கூப்பிட்டாள். “கேலரியத் தொறக்காம ரிப்பேர் பண்ண முடியுமாப்பா? கஸ்டமர் போனுக்குப் பண்ணுவீங்கள்ல, அந்த மாதிரி.”

4

இங்கேதான் எனக்கு டாக்டர்மேல் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் இப்போது என்ன செய்வார்?

‘பளார் என்று ஓர் அறை—’

(விட்டேன். அவர் கையில் போன் பிரிக்கும் சூடு குழல் இருக்கிறது.)

‘“மகளே, வாழ்க்கையில் தவறுகள் இயல்பு. அவற்றை நாம்—”’

(விட்டேன். எந்த அப்பாவும் பேச்சுப் போட்டிக்குத் தயாராக வீட்டிலிருந்து கிளம்புவதில்லை.)

பேசாமல் விட்டுப் பார்த்தேன். அவர் கை தானாக நீண்டு போனை வாங்கியது. டாக்டரிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான்: ரீசெட். போன் மெதுவாக ஓடுகிறதா, ரீசெட். சூடாகிறதா, ரீசெட். உள்ளே ஒருத்தன் இருக்கிறானா? கேலரியைத் திறக்கவே வேண்டாம். நாலு தட்டு. படமும் போகும், அவனும் போவான், இந்தப் பிற்பகலே போய்விடும். அழுக்கை அழித்தால் சுத்தம் என்று அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருந்தது.

திரை கேட்டது: ‘எல்லாம் அழிந்துவிடும். தொடரவா?’

கட்டைவிரல் மேலே நின்றது. அழுத்தியிருப்பார். நானும் தடுத்திருக்க முடியாது. என் பாத்திரங்கள் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் இந்த இடத்துக்கு வந்தால் எந்தக் கஸ்டமரிடமும் கேட்காமல் அவர் அழுத்தியதில்லை. பல வருடப் பழக்கம். வாய் தானாகச் சொன்னது:

“உள்ள எதாச்சும் வேணுமா? அழிச்சா திரும்ப வராது.”

கஸ்டமர் யோசித்தாள்.

“அவன் பேசினது பூரா அதுலதாம்ப்பா இருக்கு. மெரட்டினது, சின்னப் பொண்ணுன்னு ஏமாத்தினது, எல்லாம். அதையும் அழிச்சிட்டா நான் சொல்றத யாரு நம்புவா?”

விரல் திரையைவிட்டு விலகியது. டாக்டர் போனைக் கவிழ்த்துக் கவுண்டரின்மேல் வைத்தார். அது ஏதோ ஊர்ந்து போய்விடும்போல ஒரு கையால் மூடிக்கொண்டார்.

“நான் நம்பறேன்,” என்றார். “மத்தவங்களுக்காக வெச்சுக்குவோம். நீ ஏன் அங்கயே நிக்கற? உள்ள வா.”

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

5

அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கூப்பிட்டதும் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் வந்தாள், முதல் வேலையாகக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள். விஷயத்தைக் கேட்டு முடித்தாள்.

“ஏன்டி எங்கிட்ட மொதல்ல சொல்லல?”

“நீ போனைப் பிடுங்கிப் பார்த்திருப்பம்மா.”

அம்மா “பார்த்திருப்பேன்தான்,” என்றாள். மகளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

(இந்த இடத்தில் ஒரு மாமா இருந்தார். அம்மாவின் அண்ணன். “அந்தப் பயலோட பேசினது, படம் எல்லாத்தையும் எனக்கு அனுப்பு மாப்ள. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான், அரை மணியில ஆளைத் தூக்கிருவான்” என்று மேசையைத் தட்டினார். நல்ல மனிதர். ஆனால் அந்தப் படம் நல்ல மனிதர்களின் போன்களுக்கும் போகக் கூடாது. நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் அது இன்னொரு பிரதிதான், சட்டப்படி குற்றமும்கூட. மாமாவைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன். கடையில் கொஞ்சம் காற்று வந்தது.)

குழந்தைகள் உதவி எண்ணுக்கு அம்மாவே பேசினாள். யாருக்கும் எதையும் அனுப்ப வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம், அவனுக்குப் பதில் போட வேண்டாம், ஆள் வருவார் என்றார்கள்.

6

‘சைரன் அலற ஜீப் வந்து நிற்க, தெருவே திரண்டு—’

(விட்டேன், மனமில்லாமல். ஜீப் எழுத எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தச் சட்டம் ஜீப்பை அனுமதிக்கவில்லை. சீருடையோடு வரக் கூடாதாம், குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாதாம். எழுத்தாளனின் வயிற்றில் அடிக்கவே போட்ட சட்டம்.)

ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தார். தலைக்கவசம், தோள்பை, களைத்த முகம். கண்ணாடிக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “டாக்டர், கஸ்டமர்!” என்று குரல் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். வந்தவர் போலீஸ் அதிகாரி என்பது தெருவுக்கு இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்.

அவர் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்தார் (மன்னிக்கவும், நீங்கள் கொஞ்சம் எழுந்திருக்க வேண்டியிருக்கும்). கவிழ்த்து வைத்திருந்த போனை நிமிர்த்தவில்லை.

மகள் முந்திக்கொண்டாள். “மேடம், அனுப்பினது நான்தான். மொதல்ல என்னைத்தான் பிடிப்பீங்களா?”

இதுதான் அவள் நெஞ்சில் இத்தனை நாள் கிடந்த கல். அவன் போட்டது. ‘நீயும் மாட்டுவே, சட்டம் தெரியுமா’ என்று மிரட்டியிருந்தான்.

அதிகாரி தலைக்கவசத்தை மடியில் வைத்தார். “அவன்தான் இப்படிச் சொன்னானா? எல்லாரும் இதையே சொல்றானுங்க, ஒரே வாத்தியார்கிட்ட படிச்ச மாதிரி. நல்லாக் கேளும்மா. உன்கிட்ட கேட்டது குத்தம். வாங்கி வெச்சிருக்கறது குத்தம். அதை வெச்சு மெரட்டறது தனியா இன்னொரு குத்தம். நீ அவனை நம்பின பாரு, அது குத்தமில்ல. சட்டத்துல எந்த மூலையில தேடினாலும் அப்படி ஒரு குத்தம் கிடையாது.”

“என் பேரு வெளிய வருமா?”

“வந்தா வெளிய விட்டவங்க மாட்டுவாங்க. நானா இருந்தாலும்.”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “அந்தப் படத்தை… யார் யாரு பார்ப்பாங்க மேடம்?”

“பொய் சொல்லமாட்டேன் சார். போனை சீல் வெச்சு ஆய்வுக்கு அனுப்புவோம். அங்க கட்டாயம்னா ஒருத்தர் பார்க்க வேண்டியிருக்கும். கூட்டம் கூடிப் பார்க்கறது கெடையாது. மத்தபடி படத்துலேர்ந்து ஒரு நம்பர் மட்டும் எடுப்போம், கைரேகை மாதிரி. அந்த நம்பரை சோஷியல் மீடியா கம்பெனிகளுக்குக் குடுத்துட்டா, அவன் அந்தப் படத்தை அங்க ஏத்தப் பார்த்தா வாசல்லயே மடக்கிடலாம். படத்தை யாரும் பார்க்க வேண்டியதில்ல.”

“வெறும் நம்பரா?”

“வெறும் நம்பர்.”

டாக்டருக்கு அது புரிந்தது. சட்டம் புரிந்ததா தெரியாது. வாசற்படியோடு நிற்கிற ஆளைப் புரிந்தது.

மகள் சொன்னதையெல்லாம் அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார். முடிந்து அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிய சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தால், செத்த போன்கள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே, நாற்காலியில் கால்களை மடக்கிக்கொண்டு அவள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அம்மா ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினாள், வெயில் முகத்தில் விழாதபடி.

7

முடிவு கேட்டு சுவரிதழ் ஆசிரியை ஆள் அனுப்பிவிட்டாள். என்னிடம் இருப்பவை:

அவனைப் பிடிக்கிற காட்சியோடு ஒரு முடிவு. இதில் அவனுக்கு ஒரு முகம், ஒரு சோகமான இளமைக்காலம் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக அவனே பேசிக்கொண்டிருந்தான். கிழித்தேன். அவன் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டான்.

நீதிமன்ற முடிவு. வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பை நான் எழுதினால் நீதிபதி கோபித்துக்கொள்வார்.

ஆக மிஞ்சியது இவ்வளவுதான். மறுபடி ஒரு பிற்பகல். தாளில் திருகுகள். டாக்டரின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அதிகாரியின் குரல்: “ஆளைப் பிடிச்சாச்சு சார். படம் எங்கயும் போகல. உங்க பொண்ணு எதையும் அழிக்காம வெச்சிருந்தா பாருங்க, அதை வெச்சு அவன் மெரட்டிக்கிட்டிருந்த வேற புள்ளைங்களையும் கண்டுபிடிச்சிட்டோம். அவகிட்ட சொல்லுங்க.”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பக்கத்தில்தான் நின்றாள். டாக்டர் இத்தனை நாளாக அளந்து அளந்து விட்ட மூச்சு மொத்தமும் ஒரே தடவையில் வெளியே வந்தது. அத்தனை திருகும் பறந்தது.

“என்னப்பா நீங்க!”

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் தரையில் மண்டியிட்டாள். அவரும் மண்டியிட்டார். மேசைக்கடியில் இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. “கஸ்டமர் வந்து கேட்டா என்ன சொல்லப்போறீங்க, மூச்சு விட்டேன்னா?” என்று அவள் திட்டிக்கொண்டேயிருந்தாள். அவர் திட்டு வாங்கிக்கொண்டேயிருந்தார். ஒரு திருகு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

இத்தோடு நிறுத்தலாம். ஆனால் ஸ்டூல் இப்போது காலி, நீங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறீர்கள். அப்படியே கவுண்டருக்கு உள்பக்கம் வந்துவிடுங்கள். கடை உங்களுடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. வீடோ, வகுப்பறையோ, எதுவோ. அந்தப் பக்கம் ஒரு குழந்தை வந்து நிற்கிறது. முதல் வரியை அது சொல்லிவிட்டது. அடுத்தது நீங்கள். ‘ஏன்’ என்று தொடங்கும் வரிகளையெல்லாம் நானே அடித்துவிட்டேன். அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

“ஒரு போன் ரிப்பேர்.”

“                              ”