இடது கிருதா

நான் கத்தரி பிடித்த புதிதில், "பொண்ணு கையில தலையைக் கொடுக்கறதா?" என்று முறுக்கிக்கொண்டு போனவர்களெல்லாம் இப்போது எங்கள் சலூன் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். அது கிடக்கட்டும். எனக்கு முன்னால் இந்த இடத்தில் நின்றவன் என் அண்ணன். ஓட்டைவாய். வந்தவரின் இடது காதோரம் நின்று கதை அளப்பான். கதை சூடுபிடித்ததென்றால் இடது கிருதா ஒரு விரல் மேலே ஏறிவிடும். அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

பட்டாளத்துக்குப் போனவன் எதிரியிடம் கைதியாகி, இருபத்திரண்டு வயதில் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். வந்த தகவல் அவ்வளவுதான். கடைசி நேரத்தில் பிள்ளை பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்ற கேள்வி மட்டும் அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தது.

போன வாரம் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

"இடது கிருதாவை மட்டும் ஒரு விரல் ஏத்தி வெட்டுங்க."

கழன்ற கேஸ் என்று நினைத்தேன். அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"யாருப்பா நீ?"

"போன மாசம்தான் எங்களை விட்டாங்க, ஐயா. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல, அதான் இப்படி. முகாம்ல எங்க எல்லாருக்கும் உங்க பையன்தான் முடி வெட்டுவான்."

அப்பாவின் கேள்வியை நான்தான் கேட்டேன். "கடைசியில பக்கத்துல யாரு இருந்தா?"

"எல்லாருமேதான். தலை என் மடியில. முடி கசகசங்குதுன்னான். நாங்களே வெட்டிவிட்டோம். ஆளாளுக்கு ஒரு பக்கம். எலி கொறிச்ச மாதிரி ஆயிடுச்சு. தடவிப் பார்த்துட்டு ஒரே சிரிப்பு. 'எங்கப்பா பார்த்தா ஒருத்தனையும் கடைப்பக்கம் சேர்க்கமாட்டார்டா'ன்னான். அப்படியே தூங்கிட்டான். அப்புறம் எழுந்திருக்கல."

அப்பா அழுதார். அழுகைக்கு நடுவிலேயே அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம்! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கையிலிருந்து கத்தரியை வாங்கிக்கொண்டு அவன் பின்னால் போய் நின்றார்.

"மத்தவங்களையும் வரச் சொல்லுப்பா," என்றார். "நான் சேர்த்துக்கறேன்."