சர்வேயரிடம் போன கத்தி

கத்தியைக் கட்டையில் இரண்டு அங்குலம் அடித்து இறக்கி, பிடியைப் பக்கவாட்டில் இழுப்பதுதான் எங்கள் கடைசிச் சோதனை. அதற்கு முன் வைத்த எல்லாவற்றிலும் அது தேறியிருந்தது. விறகைப் பிளந்தது. கம்பியை நறுக்கிய பிறகும் முனை மழுங்கவில்லை. ஒரு மணி நேரம் தண்ணீர் வாளியில் கிடந்தும், பிடிக்குள் போட்டு வைத்த தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றியது. மச்சான் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு பிடியை இரண்டு கையாலும் பற்றி, தன் தொண்ணூறு கிலோவையும் அதன் மேல் சாய்த்தார். டிக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, பிஸ்கட் உடைகிற மாதிரி. மச்சான் கையில் வெறும் பிடியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அலகு கட்டையிலேயே நின்றது.

"மாப்ள, உடைஞ்சது கத்தியா என் இடுப்பா, பாத்துச் சொல்லு."

"கத்திதான்."

"அப்ப சரி. இடுப்புக்கு நீ கேரண்டி குடுக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தவர், உடைந்த இடத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் கத்தியின் பிடி ஒரு குழாய். உள்ளே தீக்குச்சி, ஊசி, நூல், தூண்டில் முள் எல்லாம் வைத்து, பின்பக்கம் மூடியைத் திருகிக்கொள்ளலாம். காட்டில் வழி தப்பினவனுக்கு உதவும். ஆனால் குழாய் காலியாக இருக்க வேண்டுமென்றால் இரும்பு பிடி முழுக்க ஓட முடியாது. அலகின் பின்னால் இரண்டு அங்குல வால் மட்டும் குழாயின் வாய்க்குள் நுழையும். வாலின் நுனியில் மரை வெட்டி, உள்ளேயிருந்து ஒரு நட்டைப் போட்டு இறுக்கிவிடுவோம். கத்தி வாங்குகிறவனின் முழுப் பலமும் அந்த இரண்டு அங்குலத்தில்தான் விழும். இந்த மாதிரிக் கத்தியைக் கேலி செய்கிற எல்லாரும் விரல் வைக்கிற இடம் அதுதான். எங்களுடையது அங்கே உடையாது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உடைந்த முகம் நொறுக்கின உப்புக்கல் மாதிரி சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. வால் விறைத்துப் போயிருக்கிறது என்று அர்த்தம். அலகு விறைப்பாக இருக்க வேண்டும், வால் வளைந்து கொடுக்க வேண்டும். நாங்கள் கரியடுப்பில் காய்ச்சியவரை வால் இடுக்கியின் வாய்க்குள் இருக்கும், சிவக்காது, எண்ணெயில் முக்கினாலும் விறைக்காது. அதை நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அடுப்பின் அமைப்பு அப்படி. போன மாதம் பானை சுடுகிறவர் ஒருவரிடமிருந்து பழைய மின்சூளை ஒன்றை வாங்கி வந்து, தலைகால் புரியாமல் ஆடினோம். சூளைக்கு அலகும் தெரியாது, வாலும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி சிவக்க வைத்துவிட்டது. அதில் காய்ச்சின முதல் ஐந்தும் அப்படித்தான்.

ஐந்தில் ஒன்று கட்டையில் நின்றது. மூன்று பெஞ்சில் கிடந்தன. அவற்றின் வாலில் அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கண்ணாடியில் தேய்த்த மாதிரி வழுக்கியது. அவையும் விறைத்துத்தான் இருந்தன.

ஐந்தாவது, முந்தின நாள் காலை சர்வேயரம்மாவோடு காட்டுக்குப் போயிருந்தது.

ஒரு தொகுதியில் ஒன்றை உடைத்துப் பார்க்காமல் மற்றதை வெளியே விடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு வாசலில் ஜீப் நின்றது. "ஒரு நாள் பொறு, உடைச்சுப் பாத்துட்டுக் குடுக்கலாம்" என்று மச்சான் சொன்னார். "ரெண்டு வருஷமா உடையாதது இன்னைக்கு உடையப் போகுதா?" என்று கேட்டு எடுத்துக் கொடுத்தது நான். ஐம்பது தாண்டின அம்மாள். எல்லை அளக்கப் பதினொரு நாள், கூட நாடா பிடிக்கிறவர் ஒருவர் மட்டும். கத்தியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "இனிமே பயமில்ல" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

போன் எடுக்கவில்லை. அலுவலகத்துக்குப் போட்டோம். அங்கே சிக்னல் கிடையாது, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் திரும்புவார்கள் என்றார்கள். நாளைக்கு, வியாழக்கிழமை, சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போகிறது, சீட்டு ஏதாவது இருந்தால் கொடுங்கள், மறுநாள் கையில் சேர்ந்துவிடும் என்றார்கள்.

நான் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். கரியடுப்பு, சூளை, சூடு எத்தனை டிகிரி என்று எல்லாம் இருந்தது. மச்சான் வாங்கிப் படித்தார்.

"அந்தம்மா காட்டுல உக்காந்து பரீட்சைக்கா படிக்கப்போகுது? உடையும்னு எழுது."

"உடையலாம்னு எழுதட்டா?"

"நாமளே உடைச்சுப் பாத்தப்புறம் என்னடா 'லாம்'?"

கடைசியில் மூன்று வரி. இந்தக் கத்தியால் எதையும் நெம்பாதீர்கள். பிடியருகே உடையும். தப்பு எங்களுடையது. ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பெஞ்சில் கிடந்த மூன்றையும் தொட மனம் வரவில்லை. இதற்கு முன் நான் ஏழு வருடம் பாட்டில் கம்பெனியில் இராத்திரி ஷிப்ட் பார்த்தவன். விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாகப் போகும். விரிசல் விட்டதைப் பார்த்து எடுத்துப் போட வேண்டும். கண் சொக்கி ஒன்றிரண்டு தப்பிப் போயிருக்கும், நிச்சயமாக. எவன் கையில் போய் உடைந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் பகலில் நன்றாகத் தூங்கினேன். அந்த வேலை பிடிக்காமல் விட்டுவிட்டு, யாருக்குச் செய்கிறோம் என்று முகம் தெரிந்து செய்கிற வேலை வேண்டுமென்று இங்கே வந்தேன். கிடைத்துவிட்டது. கண்ணை மூடினால் அந்த அம்மாளின் முகம்தான். சரிவில் கத்தியைக் குத்தி அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். டிக்.

"சாப்பிடுங்க" என்றாள் மனைவி. "நீங்க பட்டினி கெடந்தா அந்தக் கத்தி சரியாயிடுமா?"

"உங்கண்ணன் சாப்பிடறாரா?"

"அவன் கவலை வந்தா ரெண்டு தட்டு சாப்பிடுவான். உங்களுக்கு அந்த யோகமும் இல்ல."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் ஜீப் வந்து நின்றது. சர்வேயரம்மா தானே இறங்கி வந்தார். முழங்கை வரைக்கும் முள் கீறின கோடுகள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கத்தியைப் பெஞ்சில் வைத்தார், பக்கத்தில் நான்காக மடித்த சீட்டையும் வைத்தார். கத்தி முழுதாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"கையெழுத்து நல்லாருக்கு." சொன்ன விதத்தில் பாராட்டு எதுவும் இல்லை. "சீட்டு போன வெள்ளிக்கிழமை வந்துச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னால, புதன்கிழமை, எங்க நாடா பிடிக்கறவர் கால் மேல ஒரு பாறை உருண்டு உக்காந்துடுச்சு. கடப்பாறை ஜீப்புல கெடக்கு, ஜீப் ரெண்டு மணி நேர நடை. இதைத்தான் பாறைக்கு அடியில குடுத்து நெம்பினேன். என் எடை முழுக்க இது மேலதான். அவர் காலை உருவிக்கிட்டாரு."

நானும் மச்சானும் கத்தியைப் பார்த்தோம்.

"கால் எப்படிங்க இருக்கு?" என்றார் மச்சான்.

"வீங்கியிருக்கு. நடக்கறாரு, நாள் முழுக்கத் திட்டறாரு. நல்லாத்தான் இருக்காரு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெம்பறப்ப எனக்குக் கை நடுங்கல. இந்தச் சீட்டைப் படிச்சப்புறம்தான் நடுங்க ஆரம்பிச்சுது. டம்ளரைப் பிடிக்க முடியல. எது உண்மைன்னு சொல்லுங்க. இது உடையுமா, உடையாதா?"

எனக்கே தெரியவில்லை. உடைந்திருக்க வேண்டும். பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்தவற்றைக் காகிதத்தில் கொட்டினேன். தீக்குச்சியில் இரண்டு குறைந்திருந்தன. நீளமான ஸ்பானரை விட்டு நட்டைத் திருகி எடுத்து, அலகைக் குழாயிலிருந்து உருவினேன். வால் கறுத்திருந்தது. அரத்தை வைத்தேன். கடித்தது. பொடி உதிர்ந்தது. இன்னொரு தரம் தேய்த்தேன், மறுபடியும் கடித்தது.

"வால் இளகியிருக்கு" என்றேன்.

"எப்பிடிடா?" மச்சான் அலகைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வளையம்! வளையம் வச்சேன்ல!"

சர்வேயரம்மாவுக்குக் கை சின்னது. பள்ளிக்கூடப் பிள்ளையின் கை மாதிரி. எங்கள் வழக்கமான குழாய் அவர் பிடிக்குள் அடங்கவில்லை. அதனால் அவருக்கு மட்டும் மெல்லிய குழாய். அதன் வாய்க்கு வால் பொருந்தாமல் ஆடியது. மச்சான் வாலைக் கொஞ்சம் தேய்த்து, ஒரு பித்தளை வளையத்தை மாட்டி, கேஸ் டார்ச்சால் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி ஒட்டியிருந்தார். அலகின் கூர் கெடக் கூடாதென்று அதன் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்துச் செய்தார். அந்தச் சூட்டில் வாலின் விறைப்பு போயிருக்கிறது. செய்தவருக்கு அது தெரியவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை.

அப்படியே சொன்னேன். சர்வேயரம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப, உங்க சாமர்த்தியம் இல்ல."

"இல்லீங்க."

"என் கை பெருசா இருந்திருந்தா?"

"உடைஞ்சிருக்கும்."

மச்சான் என்னை முறைத்தார். அந்த அம்மாள் முறைக்கவில்லை. "பூட்டுங்க. என் கண்ணு முன்னால இழுங்க" என்றார்.

பூட்டினேன். அலகை வைஸில் இறுக்கி, பிடியின் மேல் ஒரு முழ நீளப் பைப்பைச் செருகினேன். மச்சான் கை வைக்கப் போனார். "நீங்க தள்ளி நில்லுங்க" என்று அந்த அம்மாளே பைப்பைப் பிடித்துத் தொங்கினார். கத்தி வளைந்தது. இன்னும் வளைந்தது. அவர் மெல்ல எடையை விட்டதும் அது பழைய இடத்துக்கு வந்து நேராக நின்றது. மறுபக்கமும் தொங்கினார். மறுபடியும் நேராக நின்றது. மச்சான் சத்தமாக ஏப்பம் விட்டார். யாரும் சிரிக்கவில்லை, பிறகு மூன்று பேரும் சிரித்தோம். அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பைப்பை மட்டும் விடவே இல்லை.

போகும்போது கத்தியை உறையில் போட்டுக்கொண்டார். சீட்டை நான் எடுக்கப் போனேன். "அது என்னோடது" என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்கவில்லை. ஜீப் கிளம்பிப் போனது.

மச்சான் தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி, மீதி மூன்று அலகுகளையும் மூழ்க வைத்து, வால் மட்டும் வெளியே நிற்கும்படி செங்கல்லில் சாய்த்தார். நான் உப்புத்தாள் போட்டு வாலைப் பளபளவென்று தேய்த்துவிட்டு டார்ச்சைப் பற்ற வைத்தேன். முதலில் வெளிறிய மஞ்சள் வந்தது. அது பழுப்பாகி, கத்தரிப்பூ நிறமாகி, நீலமாகி, நுனியிலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது. தண்ணீருக்கு ஒரு விரல் உயரத்தில் மச்சான் கரியால் கோடு போட்டிருந்தார். இரும்பு நீலமானால் விறைப்பு இளகிவிட்டது என்று அர்த்தம், அந்த நீலம் கோட்டைத் தாண்டி அலகுக்குள் இறங்கக் கூடாது.

"போதும், எடு" என்றார்.

எடுத்தேன். நெருப்பு போன பிறகும் நீலம் தன்பாட்டுக்கு இன்னும் ஒரு நூல் இறங்கியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நின்றது.