அழகம்மா கழுவிய குடுவைகள்

2006ஆம் ஆண்டு. இலங்கையில், கண்டியை அடுத்த பிலிமத்தலாவைக்கு அருகே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் றீற்றா இரும்பு நுண்துகள்கள் செய்துகொண்டிருந்தாள். குடிநீரில் அவற்றைக் கலந்து காந்தத்தைப் பிடித்தால், நீரிலுள்ள நஞ்சையும் இழுத்துக்கொண்டு குடுவைச் சுவரில் கறுப்பாக ஒட்டும். அவற்றைச் செய்ய ஹைட்ரசின் என்ற திரவம் வேண்டியிருந்தது. அதன் ஆவி நெஞ்சை அடைக்கும், பட்ட இடம் வெந்துபோகும்.

குடுவைகளைக் கழுவியவர் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்து அழகம்மா. கொடுத்த ஒரு சோடிக் கையுறையும் கிழிந்துவிட்டது. விரல்கள் கொப்பளித்தன, இருமல் விடவில்லை. ஆனாலும் லீவு கேட்கவில்லை.

"கேட்டா வேற ஆள வச்சிருவாங்க, மிஸ்."

றீற்றா மூன்று மாதம் முயன்று, ஹைட்ரசினுக்குப் பதிலாகத் தேயிலைச் சாற்றில் துகள்களைச் செய்தாள். அவையும் காந்தத்திடம் ஓடின. இயக்குநர் தியாகராஜாவிடம் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா காசு தாற வெளிநாட்டுக்காரர் பழைய முறைக்குத்தான் ஒப்பந்தம் போட்டவை."

"அழகம்மாக்காவின்ர கையைப் பாத்தனீங்களே, சேர்?"

"போத்தல் கழுவுற ஆளுக்காக ஆய்வை மாத்தச் சொல்லுறீரோ?"

இரண்டு வருடத்தில் நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் அதே பதில்.

2008இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, கண்டிப் பக்கம் பஸ்ஸில் குண்டு வெடித்தது. மறுவாரம் படையினர் வந்து இரசாயன அலுமாரியைத் திறந்தார்கள். வெடிமருந்துக்கும் உதவக்கூடிய ஹைட்ரசினைக் கையாள்வது யார் என்று கேட்டார்கள். றீற்றாவும் அழகம்மாவும்; இருவரும் தமிழர். இருவரையும் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். ஓர் அதிகாரி அழகம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்து, எந்தக் குண்டு செய்து இப்படி வெந்தது என்று சிங்களத்தில் கேட்டார். குடுவை கழுவினேன் என்று அழகம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பொழுது சாயத்தான் விட்டார்கள்.

அடுத்த நாளே ஹைட்ரசின் போத்தல்களை இயக்குநர் அகற்றிவிட்டார்.

"இண்டையிலிருந்து உம்மட தேயிலை முறைதான்," என்ற தியாகராஜா, வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பவேண்டிய ஓர் அறிக்கையை நீட்டினார். 'பணியாளரின் நலன் கருதி முறை மாற்றப்பட்டது' என்றிருந்தது. றீற்றா அந்த வரியில் விரலை வைத்தாள்.

"ஆற்ற நலன், சேர்? வெந்த கைக்கு மாத்தேல்லை. அந்தக் கையைப் பாத்து ஆமி சந்தேகப்பட்டதுக்குத்தானே மாத்தினனீங்கள்?"

"ஒப்பம் போடும். நானும் தமிழன்தான், எனக்கும் பயம் இருக்கு."

அவள் அந்த வரியை வெட்டினாள். தான் கேட்ட நான்கு தேதிகளையும், அழகம்மாவின் விரல்கள் இருந்த நிலையையும் கீழே எழுதினாள். அதற்குப் பிறகே ஒப்பமிட்டாள்.

வருட முடிவில் அவளுடைய நியமனம் புதுப்பிக்கப்படவில்லை. அறிக்கை வெட்டப்பட்ட வரியோடு வெளியே போனதா, புதிதாகத் தட்டச்சு செய்யப்பட்டதா என்று அவளுக்குத் தெரியவரவில்லை. ஒருமுறை அழகம்மா தொலைபேசியில் பேசினார்.

"கை ஆறிருச்சு, மிஸ். இருமல்தான் போகமாட்டேங்குது."