நிறுத்தப்பட்ட டேப்

டோக்கியோவின் சுகினாமியில் இருந்த அந்த அனிமேஷன் நிறுவனத்தில் ஓனோதேராவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. மாடியில் வரைந்ததையெல்லாம் வாரக் கடைசியில் டேப்பில் பதிந்து, கீழ்த்தள அலமாரியில் வைத்துப் பூட்டுவது அவள் வேலை.

ஏப்ரலில் தயாரிப்புத் தலைவனாக வந்த ஷிகெனோ, எல்லோர் முன்னாலும் ஒரு டேப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான்.

"இன்னும் கேசட்டா? ஓனோதேரா சான், அடுத்து டைனோசர் முட்டையை அடைகாக்கப் போறீங்களா? இனி எல்லாம் சர்வர்ல. நகலும் அதுலயே. இந்த டப்பாவுக்கெல்லாம் எதிர்காலமே கிடையாது."

கூடமே சிரித்தது.

"அப்ப நிறுத்திடட்டுமா?"

"தாராளமா."

இணையம் வழியாகத் திருடன் சர்வருக்குள் புகுந்தால் நகலும் சேர்ந்தே போய்விடும்; அலமாரியில் இருக்கும் டேப்பை மட்டும் அவனால் தொட முடியாது. முன்பிருந்த தலைவரிடம் இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாள். இவனிடம் சொல்லவில்லை. படட்டும் என்று அன்றே இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, எந்தக் கணினியும் திறக்கவில்லை. யாரோ உள்ளே புகுந்து சர்வரையும் நகலையும் பூட்டிவிட்டிருந்தார்கள். போலீஸ் கையை விரித்தது. ஷிகெனோ கீழே ஓடிவந்தான்.

"டேப் எங்க?"

"மார்ச் வரைக்கும் இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க?"

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"எல்லாரும் சந்தோஷமா சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

மாதக்கணக்கில் மனதுக்குள் தீட்டி வைத்திருந்த வாக்கியம். சொன்னபோது நாக்கில் இனித்தது. அப்போதுதான் படிக்கட்டில் கொமினே நிற்பதைப் பார்த்தாள். தயாராகிக்கொண்டிருந்த படத்தின் மழைக் காட்சிகளை எல்லாம் வரைந்தவள். வரைந்து வரைந்து வீங்கிப்போன மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

"அந்த ஆளு முட்டாள். அவருக்குத் தெரியல," என்றாள் கொமினே. "நீங்க தெரிஞ்சே செஞ்சிருக்கீங்க. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"அன்னிக்கு நீயும் சிரிச்சே."

"சிரிச்சேன். அதுக்கு என் மழை முழுசும் போகணுமா?"

ஓனோதேரா அலமாரியைத் திறந்து மார்ச் டேப்பை வெளியே எடுத்து வைத்தாள்.

அந்த வாரமே ஷிகெனோவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓனோதேராவை அனுப்ப முடியவில்லை. மார்ச் வரையிலான படத்தை டேப்பிலிருந்து எடுத்துத் தர வேறு ஆளில்லை. நிறுவனம் புதிதாக, பெரிதாக ஒரு டேப் இயந்திரமும் வாங்கியது. மார்ச்சில் விட்ட இடத்திலிருந்து எல்லோரும் மறுபடி வரைந்தார்கள். மதிய உணவுக்கு அவள் போய் உட்கார்ந்தால் அந்த மேசை காலியாகிவிடும்.

வாரக் கடைசியில் கொமினே தன் வேலையை ஒரு டிஸ்க்கில் கொண்டுவருவாள். கையில் கொடுக்க மாட்டாள். வாசலில் தரையிலேயே வைத்துவிட்டுப் படியேறிப் போவாள். ஒருமுறை ஓனோதேரா, "மன்னிச்சிடு" என்றாள். கொமினே திரும்பிப் பார்க்கவில்லை. ஓனோதேரா குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.