மூன்று தாளில் ஒரு பழி

ஒமினோவின் அப்பாவை அவள் கண் முன்னால்தான் வெட்டினார்கள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. பிரபுவின் அரிசிக் கிடங்கில் ஒன்றாகக் காவல் பார்த்த குன்சோ என்பவன், குடித்த இடத்தில் தொடங்கிய வாய்ச்சண்டையை வீட்டு முற்றம் வரைக்கும் கொண்டுவந்தான். அப்பாவின் வாள் அவன் இடது காதில் பாதியைச் சீவியது. அவன் வாள் அப்பாவின் தோளில் இறங்கி நெஞ்சுக்கூட்டில் சிக்கிக்கொண்டது. காலால் மிதித்துத்தான் அதைப் பிடுங்கினான். அன்று பொழுது சாயுமுன் தன் தாயோடு ஊரைவிட்டே ஓடிவிட்டான்.

அம்மா அழவில்லை. சந்தையிலிருந்து ஒரு அச்சுப்படம் வாங்கிவந்து சுவரில் ஒட்டினாள். தன் தகப்பனைக் கவ்வ வந்த புலியின் கழுத்தைச் சிறுபிள்ளை ஒன்று வெறுங்கையால் நெரிக்கும் படம். தினமும் காலையில் ஒமினோவையும் தம்பி ஷிகெமாவையும் அதன் முன்னால் உட்காரவைத்து, பெற்றவனுக்காகப் பிள்ளைகள் செய்ய வேண்டியது இதுதான் என்பாள். மரவாள் பிடிக்கக் கை வலிக்கிறது என்று ஷிகெமா சிணுங்கினால் அதே மரவாளைப் பிடுங்கி அவன் முதுகில் சாத்துவாள். அடித்த இடத்தில் அவளே மருந்தும் தடவுவாள். அவள் நோயில் விழுந்து சாகும்போது இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஷிகெமாவுக்குப் பதினேழு முடிந்ததும் பிரபு பழிதீர்க்க அனுமதி கொடுத்தார். குன்சோ எடோ நகரத்தில் ஒளிந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அக்காவும் தம்பியும் அங்கே புறப்பட்டார்கள்.

எடோவில் ஷிகெமா படகுத்துறையில் மூட்டை தூக்கினான். ஒமினோவுக்குக் கண்டா பகுதியில், கன்பெய் என்பவரின் அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பசையும் படிகாரமும் கலந்த நீரைத் தாளில் பூசிக் காயப்போட வேண்டும். நடிகர்களையும் தாசிகளையும் படம் போடக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. அதனால் அச்சுக்கூடம் முழுக்கப் பெற்றோரைப் பேணிய பிள்ளைகள்தான். கிழட்டுத் தாய்க்காகப் பனியில் மூங்கில் குருத்து தோண்டுகிறவன், தகப்பனைக் கொசு கடிக்காமலிருக்கத் தன் உடம்பைத் திறந்து போட்டுப் படுக்கிற பையன் என்று கொடி கொடியாகத் தொங்கினார்கள்.

அந்தப் படங்களுக்குச் சாயம் ஏற்றி அச்சடித்தவர் யோஹெய். நாற்பதைத் தாண்டிய மனிதர். தலையில் எப்போதும் துண்டு கட்டியிருப்பார். ஒமினோவை ஓயாமல் சீண்டுவார்.

"ஏ புள்ள, தாளுக்குப் பசை போடச் சொன்னா கஞ்சி வடிச்சு வச்சிருக்க. மாப்பிள்ள வீட்டுக்குப் போய் இப்படிச் சமைச்சா மறுநாளே திருப்பி அனுப்பிடுவான்."

"உங்க அழகுக்கு எந்தத் தாளும் உங்ககிட்ட ஒட்டாது அண்ணே," என்று அவளும் கொடுப்பாள். கூடமே சிரிக்கும்.

மழைக்காலத்தின் புழுக்கமான ஒரு மதியம், யோஹெய் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். இடது காதில் மேல்பாதி இல்லை. ஒமினோ கையிலிருந்த தூரிகை கீழே விழுந்தது.

அன்று வேலை முடிந்து அவர் பின்னாலேயே போனாள். சந்துக் குடியிருப்பில் ஒற்றை அறை வீடு. உள்ளே போனவர், பார்வையற்ற கிழவி ஒருத்தியை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். பொதுக்குளியலறைக்குப் போகிற வழி முழுக்க, எதிரே வருகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று கிழவிக்குச் சொல்லிக்கொண்டே போனார். தன் தாய் ஒசுகி பாட்டியை அவர் ஒருநாள்கூடக் குளிக்காமல் படுக்கவிட்டதில்லை என்று கிணற்றடிப் பெண்கள் சொன்னார்கள்.

ஒமினோ தம்பியிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று கோடை முழுவதையும் கடத்திவிட்டாள். கடைசியில், குடை கொடுக்க அச்சுக்கூட வாசலுக்கு வந்த ஷிகெமா, துண்டு அவிழ்ந்திருந்த அந்தக் காதைத் தன் கண்ணாலேயே பார்த்தான். வாடகை அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினான்.

"எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

அவள் பதில் சொல்லுமுன்னே கன்னத்தில் அறைந்தான். சுவரில் மோதி உதடு கிழிந்தது. அடித்தவன்தான் உட்கார்ந்து அழுதான்.

"எனக்கு அப்பா முகமே தெரியாதுக்கா. அடி மட்டுந்தான் தெரியும். இத முடிச்சாத்தான் எனக்கு விடிவு. அது ஏன் உனக்குப் புரியல?"

ஒமினோ கிழவியைப் பற்றிச் சொன்னாள். நம் அம்மாவுக்கு யார் இருந்தார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். அவள் உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு, பெட்டியிலிருந்து தன் குத்துவாளை எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. ஷிகெமா அச்சுக்கூட வாசலில் நின்று தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லி, குன்சோ என்று கூப்பிட்டான். எல்லாரும் வேலையை நிறுத்தினார்கள். பலகைமேல் தாளை அழுத்தித் தேய்க்கும் வட்டை யோஹெய் மெதுவாகக் கீழே வைத்தார். ஷிகெமாவைப் பார்த்தார், அவன் பின்னால் இடுப்பில் குத்துவாளோடு நின்ற ஒமினோவைப் பார்த்தார்.

"நீயுமா புள்ள?" என்றார். பிறகு எழுந்தார். "வா, வெளிய போவோம். இங்க ஈரத்தாள் கிடக்கு, பாழாயிடும்."

அவரிடம் வாள் கிடையாது. வாசலில் சாய்த்திருந்த கதவுக்கழியை எடுத்துக்கொண்டார். ஷிகெமா பாய்ந்து வெட்டினான். முதல் வெட்டு கழியில் இறங்கியது, இரண்டாவது அவர் முழங்கையைப் பிளந்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது சேற்றில் கால் வழுக்கியது. யோஹெய் கழியால் அவன் முகத்தில் அடித்தார். மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. விழுந்தவன் கையிலிருந்து வாளைப் பிடுங்கி, அவன் வயிற்றில் செருகினார். இத்தனை வருஷம் சாயம் தேய்த்த கை, பழைய தொழிலை மறக்கவே இல்லை.

அவர் வாளை இழுக்கக் குனிந்த நேரத்தில் ஒமினோ முதுகில் ஏறினாள். குத்துவாள் தோள்பட்டை எலும்பில் பட்டு நழுவி அவள் உள்ளங்கையையே கிழித்தது. மறுபடி குத்தினாள். அவர் அவளை உதறப் பார்த்தார். இருவரும் சாக்கடையோரம் உருண்டார்கள். அவர் கை அவள் குரல்வளையைப் பிடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு விலாவில், கழுத்தில், தாடையில் எங்கெங்கோ குத்தினாள். கழுத்தைப் பிடித்த விரல்கள் தளர்ந்த பிறகும் குத்திக்கொண்டிருந்தாள். சூடான ரத்தம் அவள் வாய்க்குள் போனது.

"அம்மா... இன்னும் சாப்பிடல," என்றார் அவர். அத்தோடு மூச்சு நின்றது.

கன்பெய்தான் அவளை இழுத்துப் பிரித்தார். ஷிகெமாவைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப்போனார்கள். குடல் வெளியே வந்திருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கொடுக்கக் கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாலைக்குள் இறந்துபோனான். கொடுத்திருக்கலாம் என்று ஒமினோ நினைத்தாள்.

நகர அதிகாரிகள் விசாரித்து, முறைப்படி அனுமதி பெற்ற பழிதான் என்று அவளை விடுவித்தார்கள். அது மட்டுமல்ல, பெற்றவர் மேல் பக்தி கொண்ட பெண்ணுக்கு இலக்கணம் என்று புகழ்ந்தார்கள். ஒரு பதிப்பாளர் விடுவாரா? மூன்று தாள்களைச் சேர்த்து வைத்தால் ஒரே காட்சியாகிற படம் வெளிவந்தது. இடது தாளில் தாடி வைத்த பூதாகாரமான குன்சோ, இரு கையிலும் வாளோடு. நடுவில் அவனைக் காலடியில் மிதித்தபடி ஷிகெமா, மூக்கு நேராக, உயிரோடு. வலது தாளில் செவ்வந்திப்பூ போட்ட பட்டு உடுப்பில் ஒமினோ. மேலே மேகத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து ஒமினோ ஒருபோதும் பார்த்ததில்லை.

பதிப்பாளர் ஒரு படியைக் கொண்டுவந்து கொடுத்தபோது, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: ஒசுகி பாட்டிக்கு இப்போது யார் சோறு போடுகிறார்கள்? அவருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்கவில்லை.

அவளே போனாள். அறையில் கிழவி கதவுப்பக்கம் முகம் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரு?"

"நான்தான் உங்க மகனக் கொன்னவ."

கிழவியின் கை பாயின் ஓரத்தைத் தடவியது. பிறகு, "கிட்ட வா. எனக்குக் கண்ணு தெரியாது. உன் மூஞ்சியத் தொட்டுப் பாக்கணும்," என்றாள்.

ஒமினோ மண்டியிட்டாள். கிழவியின் இடது கை அவள் நெற்றி, மூக்கு, உதட்டுத் தழும்பு என்று தடவி இறங்கித் தோளைப் பற்றியது. வலது கை பாய்க்கடியிலிருந்து வந்தது. அச்சுப்பலகையில் குறி வெட்டுகிற மகனின் உளி அதில் இருந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே, தன் முழு எடையையும் போட்டு இறக்கினாள்.

ஒமினோ பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏன்டி கத்தல?" கிழவி மூச்சு வாங்கினாள். "கத்து. நாலு பேர் கேக்கட்டும்."

"கத்தினா ஆளுங்க வந்துடுவாங்க. அனுமதியோட தீர்த்த பழிக்குத் திருப்பிப் பழி வாங்குனா சட்டம் விடாது. உங்களக் கொண்டுபோய்க் கொன்னுடுவாங்க."

"கொல்லட்டும். அவனில்லாம எனக்கென்ன இங்க?" உளியைப் பிடுங்கி மறுபடி குத்தப் பார்த்தாள், கையில் பலமில்லை. உளியைப் போட்டுவிட்டு, வெறுங்கையால் ஒமினோவின் தலையிலும் முகத்திலும் அடித்தாள். ஓய்ந்துபோகிற வரைக்கும் அடித்தாள். ஒமினோ நகரவில்லை.

வைத்தியரிடம், உளியோடு இடறி விழுந்ததாகச் சொன்னாள். அவர் நம்பவில்லை, ஆனால் எடோவே கொண்டாடுகிற பெண்ணை யார் குறுக்கே கேட்பது? கௌரவமாக ஊருக்கு அழைத்துப்போகப் பிரபு பல்லக்கு அனுப்பினார். காயம் ஆறட்டும் என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த பல்லக்கு வரவில்லை.

கிழவியின் வீட்டுக்கு அடுத்த அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். தினமும் காலையில் கஞ்சியும் ஒரு வாளித் தண்ணீரும் கிழவியின் வாசலில் வைப்பாள். யார் வைத்தது என்று ஒசுகிக்குத் தெரியும். தடவித் தடவி வந்து இரண்டையும் சாக்கடையில் கொட்டுவாள். அன்றன்றைக்கு வாயில் வந்த வசவோடு கொட்டுவாள். அக்கம்பக்கத்தார் கொடுத்ததை மட்டும் தின்றாள். குளிக்க யார் கூப்பிட்டும் போகவில்லை. மகன் முதுகைத் தவிர வேறு எதிலும் ஏறமாட்டேன் என்றாள்.

பனி உருகுகிற நாளொன்றில் கஞ்சி வாசலிலேயே ஆறிக் கிடந்தது. ஒமினோ கதவைத் தள்ளி உள்ளே போனாள். கிழவி பாயில் விறைத்துக் கிடந்தாள். சடலத்தைக் கழுவச் சொந்தம் என்று யாரும் இல்லை. கிணற்றடிப் பெண்கள் வாசலில் நின்று தயங்கினார்கள்.

ஒமினோ வெந்நீர் வைத்தாள். உளி இறங்கியதிலிருந்து இடது கை தோளுக்கு மேல் எழாததால் ஒற்றைக் கையாலேயே கிழவியைப் புரட்டி, மாதக்கணக்கில் படிந்த அழுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தாள். காது மடலின் பின்புறம், விரலிடுக்கு என்று ஓரிடம் விடவில்லை. தண்ணீர் மூன்று முறை கறுத்தது. நாலாவது வாளிக்கு மறுபடி கிணற்றுக்குப் போனாள்.