இக்னோரில் போட்ட அளவு ஃபைல்

எர்ணாவூர் கன்டெய்னர் யார்டின் எடை மேடைக்கு நாங்கள் எழுதிய புரோகிராம் அன்று காலைதான் முதன்முதலாக ஓட வேண்டும். வாசலில் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கின்றன. அந்த நேரம் பார்த்து யார்டு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டது. ஆத்திரத்தில் மேசையை ஓங்கி உதைத்தேன். வலித்தது என் காலுக்குத்தான்.

"இன்னா சுஜாம்மா, இன்னிக்கு ஓடலைன்னா மொதலாளி வேற ஆளுங்கள இட்டாந்துருவாரு" என்றார் சூப்பர்வைசர் எத்திராஜ்.

ராயபுரத்தில் எங்கள் ஆபீஸ் என்பது நானும் கார்குழலியும்தான். இந்த வேலை போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

புரோகிராம் போனால் பரவாயில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் 'கிட்' என்ற சாஃப்ட்வேரில், ஆபீஸ் சர்வரில் பத்திரமாக இருந்தது. கவலையெல்லாம் அளவு ஃபைலைப் பற்றித்தான். எடைக்கல் ஏற்றிப் பார்த்து, இந்த மேடை சரியான எடை காட்டுவதற்கான எண்களைப் போன வாரம்தான் அதில் போட்டிருந்தேன். கல் கொண்டுவந்தவர்கள் ஊரைப் பார்க்கப் போய்விட்டார்கள். யார்டுக்கு யார்டு எண் மாறும், கிட்டுக்குள் அது வரக் கூடாது என்று அதற்கு முன்பே கார்குழலி அந்த ஃபைலை இக்னோர் பட்டியலில் எழுதியிருந்தாள்.

அவளுக்குப் போனைப் போட்டேன். "நீதான இக்னோர்ல போட்ட? இப்ப எங்க போயித் தேட?"

"கத்தாதடி. வேற கம்ப்யூட்டர்ல மொத்தத்தையும் எறக்கிப் பாரு மொதல்ல."

எத்திராஜ் தன் கம்ப்யூட்டரைக் கொடுத்தார். அதில் கிட்டை நிறுவி, சர்வரிலிருந்து மொத்தத்தையும் இறக்கினேன். டேட்டா கார்டு என் பொறுமையைச் சோதித்தது. முடிந்ததும் பார்த்தால், அளவு ஃபைல்! திறந்தேன். நான் போட்ட அதே எண்கள்!

"கொழலி! கீதுடி! கீது!" என்று எத்திராஜ் பாஷையிலேயே கூவினேன்.

"எப்டிடி? நான்தான் இக்னோர்ல..."

பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. அந்தப் பட்டியல் புதிதாக வரும் ஃபைலைத்தான் தடுக்கும். இது முதல் நாளே கிட்டில் சேர்ந்தது. பட்டியலில் பெயரை எழுதினாளே தவிர, உள்ளே இருந்ததை அவள் நீக்கவில்லை. தினமும் சாயங்காலம் மாறியதையெல்லாம் நான் யார்டு கம்ப்யூட்டரிலிருந்து மொத்தமாகக் கிட்டில் பதிந்து சர்வருக்கு அனுப்பியபோது, இதுவும் கூடவே போயிருக்கிறது.

மேடையின் வயரை மாட்டினேன். காலி லாரி ஏறியது. திரையில் வந்த எடையை எத்திராஜ் ஆர்.சி. புக்கில் இருந்த காலி எடையோடு ஒப்பிட்டார்.

"கரீட்டா கீதும்மா! டேய், கேட்டத் தொறங்கடா!"

எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. போனில் கார்குழலி அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"நீ மட்டும் அந்த வேலைய முழுசா முடிச்சிருந்தா, நம்ம கடைய இன்னைக்கு மூடியிருக்கணும்டி" என்றேன்.